பூஜையறையில் தெரியும் மனசு

திருச்சியில் இருந்து முசிறி போகும் வழியில், காவிரிக் கரையில் இருக்கிறது குணசீலம். செங்கோல் ஏந்திய பிரசன்ன வேங்கடாசலபதி சந்நிதியில், மனம் நலிந்தவர்கள் 48 நாட்கள் தங்கி வழிபடுகிறார்கள். பூஜை முடிந்ததும் அவர்கள் முகத்தில் தீர்த்தம் தெளிக்கப்படுகிறது. கோயிலைச் சார்ந்து மனநல மறுவாழ்வு மையமும் இருக்கிறது. பெருமாளும் வேண்டும், மருந்தும் வேண்டும்!

ஆனால், அங்கே அழைத்து வருவதற்கு முன்பு வீட்டில் எத்தனை மாதங்கள் வீணாகின்றன? அதுதான் நம் கவலை.

பெரும்பாலான வீடுகளில் முதல் அறிகுறி பூஜையறையிலேயே தெரிந்துவிடும். முப்பது வருடமாக விடியற்காலையில் விளக்கேற்றிய மாமியார், ‘நீயே ஏத்திடும்மா’ என்று படுத்துக் கிடக்கிறார். சாப்பாடு இறங்கவில்லை. நடுராத்திரியில் விழித்துக்கொண்டு, ‘நான் மகாபாவி’ என்று புலம்புகிறார். வயசாச்சு என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். (தைராய்டு குறைந்தாலும் இப்படி ஆகும். ரத்தப் பரிசோதனை அவசியம்.)

மடி, ஆசாரம் நல்லதுதான். ஆனால், தேய்த்த விளக்கையே திரும்பத் திரும்பத் தேய்த்து, கையில் தோல் உரிந்தும் ‘இன்னும் சுத்தமாகலையே’ என்று ஒருத்தி அழுதால், அது ஆசாரம் அல்ல. எண்ணச் சுழற்சி நோய். சாமி முன் நின்றாலே தகாத எண்ணங்கள் வருவதும் இந்த நோயின் ஒரு முகம்தான். வெட்கப்பட்டு வெளியே சொல்லாமல் துடிப்பவர்கள் உண்டு. அது பாவமல்ல, தோழியரே!

திருவிழாவில் அருள் வந்து ஆடியவர், மலையேறியதும் தண்ணீர் குடித்துவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போகிறார். கல்லூரிக்குப் போகும் மகனோ நாள்கணக்கில் கதவைச் சாத்திக்கொள்கிறான். குளிப்பதில்லை, யாருமில்லாத இடத்தில் பதில் பேசுகிறான், பக்கத்து வீட்டார் தன்னைத்தான் வேவு பார்க்கிறார்கள் என்கிறான். செய்வினை, சாமி குத்தம் என்று அலைந்து நாளைக் கடத்தாதீர்கள். சிகிச்சை சீக்கிரம் தொடங்கினால் தேறும் வாய்ப்பு அதிகம். பரிகாரம் செய்யும் அதே வாரத்தில் மனநல மருத்துவரையும் பாருங்கள்.

‘நான் போயிட்டா உங்களுக்கெல்லாம் நிம்மதி’ என்று யார் சொன்னாலும் அதட்டாதீர்கள், தனியே விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற இலவச எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். மாவட்ட அரசு தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு.

போகும்போது அவர் எத்தனை மணி நேரம் தூங்குகிறார், என்ன சாப்பிடுகிறார், மாற்றம் எப்போது தொடங்கியது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துப் போங்கள்.