மழைக் கணக்கு: பருவகால முன்னறிவிப்பை எப்படி விளங்கிக்கொள்வது?

“இவ்வாண்டு பருவமழை வழமையான அளவில் பெய்யும்.” ஏப்ரல் மாதத்தில் இந்தியத் தொலைக்காட்சிச் செய்தியில் இதைக் கேட்டதும், போஞ்சி விதைக்குக் கடன் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நாமும் அப்படி யோசித்தவர்களே. அந்த அறிவிப்பு பொய்யல்ல. ஆனால் அது எமக்குரியதல்ல.

அது ஜூன் முதல் செப்டெம்பர் வரை இந்தியா முழுவதிலும் பெய்யக்கூடிய மழையைப் பற்றியது. அதே தென்மேல் பருவக்காற்று எமது நாட்டிலும் வீசுகிறது. ஆனால் அது இரத்தினபுரி, ஹற்றன் பக்கத்து மலைச்சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி ஊவாவுக்குள் வறண்ட காற்றாகவே இறங்குகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வரும் அந்த வறட்சியினால்தான் ஊவாத் தேயிலைக்குத் தனி மணமும் நல்ல விலையும் கிடைக்கின்றன. எமக்குப் பெருமழை தருவது ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரையான காலம். ஆகவே நாம் கேட்க வேண்டியது அந்த மாதங்களுக்கான முன்னறிவிப்பையே.

பருவமழையை முன்கூட்டிச் சொல்லும் முயற்சி வேகம் பெற்றதே ஒரு பஞ்சத்தினால்தான். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய கொடும் பஞ்சம் அது. எமது மூதாதையர் பலரை இம்மலைகளின் கோப்பித் தோட்டங்களுக்குத் துரத்தியதும் அதே பஞ்சம்தான். 1875 இல் தொடங்கப்பட்ட இந்திய வானிலைத் திணைக்களத்தின் தலைவரான ஹென்றி பிளான்போர்ட், இமயமலையில் பனி அதிகமாக விழுந்த ஆண்டுகளில் மழை தளர்வதைக் கவனித்து, 1886 இல் முதலாவது பருவகால முன்னறிவிப்பை வெளியிட்டார். 1904 இல் அப்பொறுப்பை ஏற்ற கில்பர்ட் வாக்கர் உலகெங்குமிருந்து காற்றழுத்தக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தார். பசிபிக் பக்கத்தில் அழுத்தம் ஏறும்போது இந்து சமுத்திரப் பக்கத்தில் இறங்குவதும், பின்னர் அது மாறுவதும், தராசுத் தட்டுகள் போல அவருக்குத் தெரிந்தன. எல் நினோ என்று நாம் இன்று கேள்விப்படும் பசிபிக் சமுத்திரத்தின் சூடேற்றம் இந்தத் தராசோடு சேர்ந்ததே.

எல் நினோ ஆண்டில் இந்தியாவின் ஜூன் - செப்டெம்பர் மழை பெரும்பாலும் குறைகிறது. 2023 இல் அது சராசரியில் 94 வீதமாகவே இருந்தது. ஆனால் அதே எல் நினோ, இலங்கையில் ஒக்டோபர் - டிசெம்பர் மழையைக் கூட்டும் போக்குடையது. அங்கே வறட்சிச் செய்தி, இங்கே வெள்ளம். பக்கத்து நாட்டுச் செய்தியைக் கொண்டு விதை போட்டால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

இப்போது தெற்காசிய நாடுகளின் வானிலையாளர்கள் கடலின் வெப்பத்தையும் செய்மதிப் படங்களையும் கணினிக் கணிப்புகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, 2010 முதல் கூட்டாகப் பருவகால அறிக்கை வெளியிடுகிறார்கள். எமது வளிமண்டலவியல் திணைக்களமும் மூன்று மாத முன்னறிவிப்புத் தருகிறது. அதில் “கூடும்” என்றோ “குறையும்” என்றோ உறுதியாகச் சொல்லப்படுவதில்லை, வாய்ப்புகளே சொல்லப்படுகின்றன.

இதை விளங்கிக்கொள்ள ஒரு பைக்குள் பத்துப் புளியங்கொட்டைகளைப் போடுங்கள். ஐந்தில் சுண்ணாம்புப் புள்ளி வையுங்கள்: அவை கூடுதல் மழை. மூன்றில் மஞ்சள் பூசுங்கள்: அவை வழமையான மழை. மீதி இரண்டும் குறைந்த மழை. கண்ணை மூடி ஒன்றை எடுங்கள். “கூடுதல் மழைக்கு 50 வீத வாய்ப்பு” என்றால் இவ்வளவுதான். குறைந்த மழைக் கொட்டையும் கையில் வரலாம். ஆகவே கடன் முழுவதையும் ஒரே பயிரில் கொட்டாமல், ஒரு பாத்தியில் போஞ்சி, இன்னொன்றில் தண்ணீர் குறைந்தாலும் தாங்கும் மரவள்ளி அல்லது வற்றாளை என்று பிரித்துப் போடுவது புத்தி.

இனி, இடம்பெயர்ந்த குடும்பங்கள் எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கவனிக்க வேண்டியதைச் சொல்கிறோம். மூன்று மாத மொத்தம் ஒரு நாளின் மழையைச் சொல்லாது. 2025 இன் இறுதியில் பசிபிக் குளிர்ந்திருந்தது. லா நினா என்பார்கள். பொதுவாக அப்படியான ஆண்டில் எமது ஒக்டோபர் - டிசெம்பர் மழை குறையவே வாய்ப்பு அதிகம். ஆயினும் நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாட்டில் 600 பேருக்கு மேல் மாண்டனர். மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயன்களை மண் மூடியதும் மழைக்காலத்தில்தான். ஆனால் பூனாகலை கபரகலையில் மண் சரிந்தது 2023 மார்ச் மாதத்தில், பெருமழைக் காலத்துக்கு வெளியே. பருவகால அறிவிப்பு பாத்திக்கு உதவும். உயிருக்கு அன்றன்றைய மழையைத்தான் பார்க்க வேண்டும்.

புதுக் காணியில் பழைய இடத்து அனுபவம் எப்போதும் கைகொடுக்காது. வெலிமடையில் பெய்வது கொஸ்லாந்தையில் பெய்வது போன்றதல்ல. ஆகவே அளப்போம். நேரான பக்கங்களுள்ள பால்மாப் பேணி ஒன்றை, கூரைக்கும் மரத்துக்கும் எட்டாத வெளியில், சாயாமல் நிறுத்துங்கள். தினமும் காலை எட்டரைக்கு அடிமட்டத்தால் நீரின் உயரத்தை அளந்து, பிள்ளைகளின் பழைய கொப்பியில் திகதியோடு எழுதிவிட்டு, பேணியைக் கவிழ்த்து வையுங்கள் மீண்டும். பெருமழையில் எட்டரை வரை காத்திராமல் மணிக்கொருமுறை அளந்து கூட்டுங்கள். நூறு மில்லிமீற்றர் சிறிதென்று எண்ண வேண்டாம்: ஏழு பேர்ச் காணியில் அது ஏறத்தாழ 17,700 லீற்றர் தண்ணீர்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகள் இவை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு. 100 என்றால் புறப்படத் தயார். 150 ஆனாலோ, ஒரே மணி நேரத்தில் 75 ஆனாலோ வெளியேறிவிட வேண்டும். நிலத்தில் வெடிப்பு, திடீரென்று கிளம்பும் ஊற்று, கலங்கி வரும் பீலித் தண்ணீர், சாயும் மரம், இறுகிப்போகும் கதவு ஆகியவற்றைக் கண்டால் அளவைப் பாராமலே புறப்படுங்கள். 117 க்கு அறிவியுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு வீட்டாரும் தமது கொப்பியைக் கொண்டு வாருங்கள். மேல்வரிசை வீட்டுக் கணக்கும் கீழ்வரிசை வீட்டுக் கணக்கும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பார்ப்போம். இரவு இரண்டு மணிக்கு மழை கொட்டினால் பேணியைப் பார்க்க எழும்புவது யார், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவது யார், நடக்க முடியாத பாட்டியைத் தூக்குவது யார் என்பதையும் அன்றே பெயர் சொல்லி முடிவு செய்துகொள்வோம்.