சூரியப் பவளம் பட்டினி கிடக்காமல் இருக்க

ஆரஞ்சு நிறச் சூரியப் பவளத்தின் உடலில், ஒளியில் உணவு ஆக்கித் தரும் பாசி இல்லை. அதனால் வெளிச்சத்தால் அதன் வயிறு நிறையாது. வீட்டுத் தொட்டியில் நாம் ஊட்டினால்தான் பிழைக்கும்.

1. விளக்கை அணைத்த பிறகு ஊட்டுங்கள். இருட்டில்தான் நன்றாக விரியும்.

2. மூடியே கிடந்தால், உறைந்த மைசிஸ் இறால் கரைந்த நீரைச் சில துளி அருகில் விட்டுக் கால் மணி நேரம் பொறுங்கள். இரையின் வாடை பட்டால் விரியத் தொடங்கும்.

3. பம்பை நிறுத்தி, மைசிஸ் இறாலைச் சிரிஞ்சால் பவளத்தின் ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியே கொடுங்கள். ஒரு வாய் தின்றது பக்கத்து வாய்க்குப் போதாது. வாரம் இரண்டு மூன்று முறையாவது வேண்டும்; இதில் சோம்பல் கூடவே கூடாது. மீன்கள் பிடுங்கித் தின்றால், அடிப்பாகம் வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலால் பவளத்தை மூடி, பாட்டிலின் வாய் வழியே ஊட்டுங்கள்.

4. விழுங்கியதும் பம்பைப் போடுங்கள். ஓடாத நீரில் ஆக்சிஜன் குறையும்.

5. மீந்த இரையை உறிஞ்சி எடுங்கள். அழுகினால் நைட்ரேட் ஏறும்.

6. இதுபோலவே பாசி இல்லாத டெண்ட்ரோநெப்தியா என்ற மென்பவளத்தை, அழகாக இருந்தாலும், வாங்காதீர்கள். அதற்கு நாள் முழுக்க நுண்ணிரை வேண்டும். வீட்டுத் தொட்டியில் நிலைப்பது அரிது.

7. இந்தியக் கடலில் எடுத்த பவளத்தைத் தொடவே வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.