ஆளுநர் அழைத்தவர்கள்: நியூசிலாந்து மேலவையின் கதை

கேள்வி: வெலிங்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்குள்ள நாடாளுமன்றத்தைச் சுற்றிப் பார்த்தேன். சிவப்புக் கம்பளம் விரித்த ஒரு பெரிய மண்டபத்தைக் காட்டி, "இது பழைய மேலவை, இப்போது இதற்கு உறுப்பினர்கள் கிடையாது" என்றார் வழிகாட்டி. ஒருவரைக்கூட மக்கள் தேர்ந்தெடுக்கவில்லையாம், எல்லோருமே நியமனமாம். நம் மாநிலங்களவையிலும் 12 நியமன உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவை முழுவதுமே நியமனம் என்றால் அது எப்படி நடந்திருக்கும்? மக்கள் தேர்ந்தெடுத்த அரசை எதிர்க்கும் துணிவு அவர்களுக்கு இருந்ததா? கடைசியில் ஏன் ஒழித்தார்கள்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

பதில்: எதிர்க்கும் துணிவு ஒரு காலத்தில் அவர்களுக்கு நிறையவே இருந்தது. பிறகு அது வடிந்துபோனது. ஏன் வடிந்தது என்று பார்த்தால் உங்கள் மற்றக் கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1852இல் இயற்றிய சட்டம் நியூசிலாந்துக்கு இரண்டு அவைகளைக் கொடுத்தது. கீழவைக்குத் தேர்தல், மேலவைக்கு ஆளுநரின் அழைப்பு. 21 வயது நிறைந்த பிரிட்டிஷ் குடிமகனாக இருந்தால் போதும். நம் அரசியல் சட்டம் நியமன உறுப்பினருக்கு இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை என்று துறைகளைச் சொல்கிறது. அங்கே அப்படி எந்த வரையறையும் இல்லை. பதவியோ ஆயுட்காலம் வரை. 1854இல் ஆக்லாந்தில் அவை முதன்முறையாகக் கூடியது. நில உடைமையாளர்கள், வணிகர்கள், ஓய்வுபெற்ற அரசியல்வாதிகள்தான் பெரும்பாலும் அதில் இடம்பெற்றார்கள். 1872இல் மொகேனா கோஹேரே, வி தாகோ நாதாதா என்ற இரண்டு மாவோரி பூர்வகுடித் தலைவர்களும் நியமிக்கப்பட்டார்கள்.

பதவி பறிபோகாது என்ற உறுதி அவர்களைத் துணிச்சல்காரர்களாக்கியது. ஆனால் அந்தத் துணிச்சல் பெரும்பாலும் சொத்துள்ளவர்களின் பக்கமே நின்றது. 1890 டிசம்பரில் நடந்த தேர்தலில் லிபரல்கள் வென்றார்கள். தோற்ற பிரதமர் ஹாரி அட்கின்சன் பதவியை விட்டு இறங்குமுன், தன்னையும் தன் அணியினர் சிலரையும் மேலவையில் அமர்த்திவிட்டார். அவரே அவைத் தலைவரும் ஆனார். மக்கள் வெளியே அனுப்பிய அணி மறுவாசல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. புதிய பிரதமர் ஜான் பாலன்ஸ் கொண்டுவந்த சீர்திருத்த மசோதாக்கள் மேலவையில் ஒன்றன்பின் ஒன்றாக அடிபட்டன.

பாலன்ஸ் இரண்டு வழிகளில் பதிலடி கொடுத்தார். 1891இல் ஆயுட்காலப் பதவியை ஒழித்து, புதிதாக வருவோருக்கு ஏழாண்டுகள் என்று சட்டம் செய்தார். அடுத்து, தன் ஆதரவாளர்கள் 12 பேரை நியமிக்கச் சொல்லி ஆளுநரிடம் கேட்டார். ஆளுநர் ஆன்ஸ்லோ இணங்கவில்லை. அவருக்குப் பின் வந்த கிளாஸ்கோவும் அத்தனை பேரைத் தர மறுத்தார். விவகாரம் லண்டனுக்குப் போனது. 1892இல் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சர் ரிப்பன், அமைச்சரவை சொல்வதை ஏற்றுக்கொள்ளும்படி ஆளுநருக்கு அறிவுறுத்தினார். இந்தியாவில் வைஸ்ராயாக இருந்த அதே ரிப்பன்தான்; சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நியமனப் பேனா அன்றைக்கே ஆளுநரின் கையிலிருந்து பிரதமரின் கைக்கு மாறிவிட்டது.

இந்த அவையின் வரலாற்றில் ஒரே ஒரு நாளை மட்டும் சொல்லச் சொன்னால், நான் 1893 செப்டம்பர் 8ஐச் சொல்வேன். பெண்களுக்கு வாக்குரிமை தரும் மசோதா அன்று மேலவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. 1891இல் இதே போன்ற மசோதாவை மேலவை தோற்கடித்திருந்தது. 1892இல் இரு அவைகளுக்கும் உடன்பாடு ஏற்படாமல் அது நின்றுபோனது. இதற்கிடையே வாக்குரிமைப் போராளி கேட் ஷெப்பர்டும் அவருடைய தோழியரும் ஊர் ஊராகப் போய் 32,000க்குச் சற்றுக் குறைவான பெண்களிடம் கையெழுத்துத் திரட்டினார்கள். பாலன்ஸ் இறந்தபின் பிரதமரான ரிச்சர்ட் செடனுக்கு இந்த மசோதா பிடிக்கவில்லை. மேலவை அதை வீழ்த்திவிடும் என்று நம்பியிருந்தார். ஆதரவு கூடிவிட்டதைக் கண்டதும், தன் கட்சி உறுப்பினர் ஒருவரின் வாக்கை மாற்றத் தந்தி அடித்தார். அந்தத் தலையீட்டில் கொதித்துப்போன எதிர்த்தரப்பு உறுப்பினர்கள் இருவர் மசோதாவை ஆதரித்து வாக்களித்தார்கள். 20க்கு 18 என்று அது நிறைவேறியது. நாட்டின் தேர்தலில் பெண்கள் எல்லோரும் வாக்களிக்கலாம் என்று சட்டம் செய்த முதல் தன்னாட்சி நாடு நியூசிலாந்து என்ற பெருமை, மக்கள் தேர்ந்தெடுக்காத அவை ஒன்றில் இரண்டு வாக்குகளில் கிடைத்தது. அதே அவைக்குள் பெண்கள் நுழைய மட்டும் இன்னும் 53 ஆண்டுகள் பிடித்தன. மேரி டிரேவரும் மேரி ஆண்டர்சனும் 1946இல்தான் நியமிக்கப்பட்டார்கள்.

ஏழாண்டுச் சட்டம் மெல்ல மெல்ல வேலை செய்தது. பதவி நீடிக்க வேண்டுமானால் ஆளும் கட்சியின் தயவு வேண்டும். பிரதமரைப் பகைத்தவருக்கு மறுநியமனம் நிச்சயமில்லை. கட்சிக்கு உழைத்தவர்களுக்குக் கொடுக்கும் வெகுமதியாக இடங்கள் மாறின. மசோதாக்களில் பிழை திருத்தும் பயனுள்ள வேலையை அவை செய்துகொண்டுதான் இருந்தது. அரசை நிறுத்திக் கேள்வி கேட்கும் வலுவை மட்டும் இழந்துவிட்டது. இதைத் தேர்தல் அவையாக மாற்ற 1914இல் ஒரு சட்டமே நிறைவேறியது. போர் குறுக்கிட்டது; அந்தச் சட்டம் கடைசி வரை நடைமுறைக்கு வரவில்லை.

1947இல் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த சிட்னி ஹாலண்ட், மேலவையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். அப்போதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. மேலவை லண்டன் தந்த சட்டத்தில் பிறந்தது. அதை ஒழிக்கும் அதிகாரம் நியூசிலாந்திடம் இல்லை. அதே ஆண்டில் நியூசிலாந்து வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தை ஏற்று, தன் அரசியல் சட்டத்தைத் தானே திருத்தும் முழு உரிமையைப் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம். பின்னர் பிரதமரான ஹாலண்ட், ஒழிப்பு மசோதாவை ஆதரிப்பதற்கென்றே 1950இல் புதிய உறுப்பினர்கள் பலரை நியமித்தார். 'தற்கொலைப் படை' என்று நாடு அவர்களை அழைத்தது. 1950 டிசம்பர் 1 அன்று மேலவை கடைசியாகக் கூடியது. 1951 ஜனவரி 1 முதல் அது இல்லை. நீங்கள் பார்த்த மண்டபத்தில்தான் இன்றும் நாடாளுமன்றத் தொடக்க உரை வாசிக்கப்படுகிறது.

பக்கத்து ஆஸ்திரேலியாவிலும் நோய் இதுவேதான். 1861இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு, நிலச் சீர்திருத்த மசோதாக்களை நிறைவேற்ற 21 பேரை ஒரே மூச்சில் மேலவைக்கு நியமித்தது. அவர்கள் உறுதிமொழி எடுக்கக் காத்திருந்தபோது, அவைத் தலைவர் வில்லியம் பர்ட்டன் பதவி விலகி வெளியேறினார்; மற்ற உறுப்பினர்கள் பலரும் அவர் பின்னால் போனார்கள். அன்று அவை நடக்கவே இல்லை. குவின்ஸ்லாந்தில் மேலவையை ஒழிக்கலாமா என்று 1917இல் மக்களிடமே கேட்டார்கள். வேண்டாம் என்றார்கள் மக்கள். ஆனாலும் அரசு தன் ஆட்களை நியமித்து, 1922இல் அதை ஒழித்தது.

ஆயுட்கால நியமனம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாதவர்களை உருவாக்கியது. தவணை நியமனம் பிரதமருக்கு மட்டும் பதில் சொல்பவர்களை உருவாக்கியது. இரண்டிலும் மக்களுக்குப் பதில் சொல்பவர் எவரும் இல்லை. அதனால்தான் ஏறத்தாழ நூறாண்டு வாழ்ந்த ஓர் அவையைக் காப்பாற்ற யாரும் தெருவுக்கு வரவில்லை. அதற்காக இரண்டாம் அவையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மேலவை போனபின் நியூசிலாந்தில் அரசுகள் சட்டங்களை மிக வேகமாக நிறைவேற்றின. அந்தக் கடிவாளமற்ற அதிகாரம் பற்றிய அச்சமும் சேர்ந்துதான் 1993 வாக்கெடுப்பில் அந்நாட்டு மக்கள் தேர்தல் முறையையே மாற்றினார்கள். அரசைத் தட்டிக்கேட்க ஓர் இடம் வேண்டும். தட்டிக்கேட்பவரின் நாற்காலி அந்த அரசின் கொடையாக இருக்கக் கூடாது.

நம் நாட்டில் நியமனப் பட்டியல் வெளிவரும்போதும் பெயர்களை மட்டும் படித்துவிட்டு விட்டுவிடாதீர்கள். யார் பரிந்துரைத்தார்கள், எத்தனை ஆண்டுகளுக்கு, மறுநியமனம் யார் கையில் என்ற மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் மாணவர்களுக்கும் அந்த மூன்று கேள்விகளைச் சொல்லிக் கொடுங்கள்.