நாய் வாந்தி எடுக்கிறதா? எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்

புல்லைத் தின்று ஒருமுறை கக்கிவிட்டு, வாலாட்டிக்கொண்டு திரிகிற வளர்ந்த நாய்க்காகப் பதற வேண்டாம். சில மணி நேரம் சாப்பாட்டை நிறுத்தி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துக் கவனித்தால் போதும்.

உண்மையில் பயப்பட வேண்டியது வராத வாந்திக்குத்தான். வயிறு உப்பி, ஓங்கரித்து ஓங்கரித்து எதுவும் வெளியே வராமல் நாய் தவித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் போன்ற பெரிய இனங்களில் இது அதிகம். விடியட்டும் என்று காத்திருந்தால் உயிர் தங்காது.

தடுப்பூசி போடாத குட்டி வாந்தியோடு ரத்தமாகக் கழிந்தால் பார்வோ வைரஸ் தொற்றாக இருக்கலாம், உடனே மருத்துவமனைதான். வாந்தியில் ரத்தம் அல்லது காபித்தூள் நிறம், குடித்த தண்ணீரும் தங்காமை, தள்ளாட்டம், வெளிறிய ஈறு என்றாலும் அப்படியே. ஈறை விரலால் அழுத்தி விட்டுப் பாருங்கள். 2 விநாடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும்.

எலி மருந்தோ சாக்லேட்டோ திராட்சையோ தின்றது தெரிந்தால், வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் அதன் உறையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். உப்புத் தண்ணீர் புகட்டுவது, பாராசிட்டமால் கொடுப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம்.