கடிதம் எழுதும் முன் சொல்லைத் தேடிப் பாருங்கள்



காலணி ஏற்றுமதி செய்யும் நம் ஜமாஅத்துத் தம்பி ஒருவர், மாதிரிக் கடிதப் புத்தகத்தைப் பார்த்து வெளிநாட்டு வியாபாரிக்கு ஈமெயில் அனுப்பினார். கடைசி வரி, “கைண்ட்லி டூ த நீட்ஃபுல்.” “நான் என்ன செய்ய வேண்டும்?” என்று பதில் வந்தது. முன்பணம் அனுப்புங்கள் என்பதுதான் தம்பி சொல்ல வந்தது. அதைச் சொல்லாததால் ஒரு வாரம் வீணானது. அந்த வரியில் இலக்கணப் பிழை இல்லை. நம் நாட்டு அலுவலகங்களில் அது பழகிப்போன வழக்கு. அந்த வியாபாரிக்குப் பழக்கமில்லை.

அப்படியானால் உலகம் எப்படி எழுதுகிறது என்று எங்கே பார்ப்பது? மதரஸாவில் ஓதியவர்களுக்கு எகிப்து அறிஞர் முஹம்மது ஃபுஆத் அப்துல் பாகீயின் ‘அல்முஃஜமுல் முஃபஹ்ரஸ்’ தெரிந்திருக்கும். குர்ஆனில் ஒரு சொல் வரும் இடங்களையெல்லாம் வரிசையாகக் காட்டும் நூல் அது. ஆங்கிலத்திற்கு இதே வேலையைக் கணினி செய்கிறது. மக்கள் உண்மையில் எழுதியதையும் பேசியதையும் திரட்டி வைத்த தொகுப்பை மொழித் தரவகம் என்பார்கள்; ஆங்கிலத்தில் கார்ப்பஸ். 1994ல் நிறைவுற்ற பிரிட்டிஷ் தேசியத் தரவகத்தில் சுமார் 10 கோடி சொற்கள் உள்ளன. ஒரு சொல்லைக் கொடுத்தால், அது வரும் வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும்.

நம் வகுப்பில் செய்து பார்த்த மூன்று தேடல்கள்:

1. ‘டிஸ்கஸ்’: வினையாக வரும் வரிகளில் இதன் பின்னே நேராகப் பொருள் வருகிறது: ‘டிஸ்கஸ் த ஆர்டர்’. நாம் ‘அபௌட்’ சேர்ப்பது, தமிழில் ‘பற்றி’ என்று சொல்லிப் பழகியதால்.

2. ‘லுக் ஃபார்வர்ட் டு’: அடுத்து வருபவை ‘ஹியரிங்’, ‘மீட்டிங்’, ‘ரிசீவிங்’. ‘ஹியர்’ என்று எழுதக்கூடாது என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுகொண்டார்கள்.

3. ‘குட் யூ ப்ளீஸ்’: பின்னே ‘சென்ட்’, ‘கன்ஃபர்ம்’ போன்ற தெளிவான வினைகள் வருகின்றன. தம்பியின் கடிதத்தில் இல்லாதது இதுதான்.

ஒன்றிரண்டு வரிகளை வைத்து முடிவு செய்யாதீர்கள். தரவகத்திலும் பிழையான வரிகள் இருக்கும். இருபது முப்பது வரிகளையாவது பாருங்கள். நாவலில் வரும் நடை வியாபாரக் கடிதத்திற்குப் பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் கடைக்கு வந்த நல்ல ஆங்கிலக் கடிதங்களையே சிறு தரவகமாக்கலாம். ‘ஆன்ட்கான்க்’ என்ற இலவச மென்பொருள் அவற்றில் தேடித் தரும். ஆனால் பிறருடைய கடிதம் அமானிதம். பெயர், விலை, வங்கி விவரம் அனைத்தையும் முதலில் நீக்கிவிடுங்கள்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது நீங்கள் எழுதிய கடிதம் ஒன்றைக் கொண்டு வாருங்கள். சந்தேகமான சொற்களை ஒன்றாக அமர்ந்து தேடுவோம், இன்ஷா அல்லாஹ்.