யாப்பில் எழுதிய உரிமை: எம்பிலிப்பிட்டிய வழக்கிலிருந்து ஒரு பாடம்

அண்மையில் எம்பிலிப்பிட்டியவில் நடந்த ஒரு கருத்தரங்கில் உரிமைகள் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த வயதான ஒரு அம்மா எழுந்தார். "சாமி, புத்தகத்துல எல்லா உரிமையும் இருக்குனு சொல்றீங்க. நாங்க தோட்டத்த விட்டு எழும்பினோம். வவுனியாவுல காடு வெட்டி கமம் செஞ்சோம். அங்கயிருந்தும் எழும்பினோம். அப்ப அந்தப் புத்தகம் எங்க இருந்திச்சு?" என்று கேட்டார். அன்று நான் சொன்ன பதில் எனக்கே திருப்தி தரவில்லை. இந்தப் பாடம் அந்தக் கேள்விக்காக எழுதப்படுகிறது.

அரசியல் யாப்பு என்பது நாட்டின் தாய்ச் சட்டம். 1978ஆம் ஆண்டு யாப்பின் மூன்றாம் அத்தியாயத்தில் அடிப்படை உரிமைகள் இருக்கின்றன. சித்திரவதைக்கு உட்படாமலிருக்கும் உரிமை 11ஆம் உறுப்புரையிலும், சட்டத்தின் முன் சமத்துவம் 12ஆம் உறுப்புரையிலும், காரணமின்றிக் கைது செய்யப்படாத உரிமை 13ஆம் உறுப்புரையிலும் உள்ளன. விரும்பிய தொழிலைச் செய்யவும் விரும்பிய இடத்தில் வசிக்கவும் உள்ள உரிமைகள் 14ஆம் உறுப்புரையில் உள்ளன. இவற்றை அரசின் நிர்வாகம் மீறினால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று 17, 126ஆம் உறுப்புரைகள் கூறுகின்றன. படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. போகிற வழி எப்படி இருக்கிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். அதற்குத் தூரத்து ஊர்க் கதை தேவையில்லை. எம்பிலிப்பிட்டியவின் கதையே போதும்.

1989, 1990ஆம் ஆண்டுகளில் தெற்கிலே ஜே.வி.பி. கிளர்ச்சியும் அதனை ஒடுக்கும் நடவடிக்கையும் நடந்த காலத்தில், எம்பிலிப்பிட்டியப் பாடசாலை மாணவர்கள் பலர் கடத்தப்பட்டுக் காணாமற் போனார்கள். பட்டியலுக்குப் பட்டியல் எண்ணிக்கை வேறுபடுகிறது. முப்பதுக்கு மேல் என்பதே பொதுவாகச் சொல்லப்படுவது. எல்லோரும் சிங்களப் பிள்ளைகள். பெற்றோரிற் பலர் நம்மைப் போல மண்ணை நம்பி வாழ்ந்தவர்கள். செவன இராணுவ முகாமின் வாசலுக்கு அவர்கள் நடையாய் நடந்தார்கள். "இங்கே இல்லை" என்ற பதிலே கிடைத்தது.

அப்பொழுதும் இதே யாப்பு இருந்தது. 13ஆம் உறுப்புரையில் ஒரு சொல்லும் குறைந்திருக்கவில்லை. ஆனால் மேலே அவசரகால நிலை இருந்தது. அக்காலத்து அவசரகால விதிகளுள் ஒன்று, மரண விசாரணையே இல்லாமல் உடல்களை அப்புறப்படுத்தவும் இடமளித்தது. உடல் இல்லாவிட்டால் கொலை வழக்கு நடத்துவது எவ்வளவு கடினம் என்று சட்டம் படிக்காதவருக்கும் விளங்கும்.

இன்னொரு தடையை அநேகர் கவனிப்பதில்லை. 126ஆம் உறுப்புரையின்படி, உரிமை மீறப்பட்டவர் தாமே மனுச் செய்ய வேண்டும், அல்லது அவர் சார்பில் ஒரு சட்டத்தரணி செய்ய வேண்டும். அதுவும் ஒரு மாதத்துக்குள். காணாமற் போன பிள்ளை எப்படி மனுவில் கையொப்பமிடும்? முகாமுக்கு முகாம் அலைகிற தாய்க்கு ஒரு மாதம் ஒரு நாள் போலக் கழிந்துவிடும். காவலில் இறந்தவருக்காக அவருடைய மனைவி இந்த மனுவைக் கொண்டுவரலாம் என்று உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது பல ஆண்டுகள் கழித்தே. 2003இல் அதே வழக்கின் தீர்ப்பில், நம் யாப்பில் நேராக எழுதப்படாத உயிர் வாழும் உரிமையும் ஏனைய உரிமைகளுக்குள் அடங்கியிருக்கிறது என்று நீதிபதிகள் கண்டார்கள். யாப்பின் சொற்கள் மாறவில்லை. வாசித்த கண்தான் மாறியது.

ஆட்கொணர்வு மனு என்ற பழைய வழியும் இருந்தது. "இந்த ஆளை என் முன் கொண்டு வா" என்று நீதிமன்றம் கட்டளையிடும். ஆனால் பிடித்தவரே "நான் பிடிக்கவில்லை" என்று சத்தியக் கடதாசி கொடுத்தால் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடும். தெற்கில் காணாமற் போன சிலருடைய வழக்கில், 1994இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பொறுப்பான பொலிஸ் அதிகாரி பணம் செலுத்த வேண்டும் எனக் கட்டளையிட்டது. பிள்ளைகள் திரும்பவில்லை.

எம்பிலிப்பிட்டியப் பெற்றோர் செய்தது என்ன? ஒருவரையொருவர் தேடிப் பிடித்து ஒன்றாகக் கூடினார்கள். பெயர்களை எழுதினார்கள். யார், எந்தத் திகதி, யார் பார்க்கக் கொண்டுபோனார்கள் என்று குறித்து வைத்தார்கள். பத்திரிகைகளுக்கும் மனித உரிமை அமைப்புகளுக்கும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 1994 ஜனவரியில் சூரியகந்தையில் மனிதப் புதைகுழி தோண்டப்பட்டபோது, அங்கே தம் பிள்ளைகள் இருக்கலாம் என்று அஞ்சினார்கள். அந்த எச்சங்கள் யாருடையவை என்பது இறுதியாக நிறுவப்படவில்லை. அவ்வாண்டு ஆட்சி மாறியது. மேல், தென், சப்ரகமுவ மாகாணங்களில் காணாமற் போனோரை விசாரிக்க, மனோரி முத்தெட்டுவேகம தலைமையில் ஓர் ஆணைக்குழுவும் நியமிக்கப்பட்டது. மாணவர் வழக்கு இரத்தினபுரி மேல் நீதிமன்றத்தில் நடந்தது. கொடக்கவெல, கஹவத்தை, பெல்மதுளை என்று பஸ் ஏறி இறங்கி இரத்தினபுரிக்குப் போய் வருவதென்றால் ஒரு நாள் உழைப்புப் போய்விடும் என்பது இந்தப் பக்கத்து மக்களுக்குத் தெரியும்.

1999 பெப்ரவரியில் தீர்ப்பு வந்தது. பாடசாலை அதிபரும் இராணுவத்தினர் ஆறு பேரும், ஆக ஏழு பேர், குற்றவாளிகளாகக் காணப்பட்டுப் பத்து ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்கள். குற்றஞ்சாட்டப்பட்டவர்களுள் பதவியில் மிக உயர்ந்தவரான அதிகாரி விடுதலையானார். குற்றச்சாட்டுக் கொலையன்று, கொலைசெய்யும் நோக்குடன் கடத்தியதும், அதற்காகச் சதிசெய்ததும், அடைத்து வைத்ததுமே. வலிந்து காணாமற் போகச் செய்தல் என்ற பெயரில் ஒரு தனிக் குற்றம் அன்று நம் சட்டத்தில் இருக்கவில்லை. 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம்தான் அதனைக் குற்றமாக்கி, இருபது ஆண்டு வரை சிறை விதிக்க இடம் வைத்தது.

இந்தத் தீர்ப்பை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? பத்து ஆண்டு அலைச்சலுக்குப் பின் கிடைத்தது பாதி நீதி என்பதே என் எண்ணம். ஆனால் அந்தக் காலத்தில் காணாமற் போன ஆயிரக்கணக்கானவர்களின் குடும்பங்களுக்கு அந்தப் பாதிகூடக் கிடைக்கவில்லை. எம்பிலிப்பிட்டியவுக்குக் கிடைத்ததற்கு யாப்பின் சொற்கள் காரணமல்ல. பெற்றோர் எழுதி வைத்த பெயர்களும், சாட்சிக் கூண்டில் ஏறத் துணிந்தவர்களுமே காரணம்.

இங்கே ஒருவர், "அதிகாரி சட்டத்தை மீறினால் நீதிமன்றம் போகலாம், சரி. சட்டமே நம் உரிமையைப் பறித்தால்?" என்று கேட்கலாம். அதுவும் நம் மாகாணத்திலேயே கேட்கப்பட்ட கேள்விதான். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்டத் தமிழ் மக்களை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியதை உங்கள் பாட்டன்மார் சொல்லியிருப்பார்கள். கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லைத் தொகுதியில் கோடகன் பிள்ளை என்பவர் தம் பெயரை இடாப்பிற் சேர்க்கும்படி கேட்டார். அன்றைய சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, ஏனைய சமூகத்தவருக்கு இல்லாத கட்டுப்பாட்டை ஒரு சமூகத்தவர் மீது மட்டும் சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக் கூடாது என்று தடுத்திருந்தது. இடாப்பைத் திருத்தும் அதிகாரி அவர் பக்கமே தீர்த்தார். 1951இல் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. 1953இல் இலண்டன் பிரிவிக் கவுன்சிலும் அவருக்கு எதிராகவே முடிவு செய்தது. எந்த நாடும் தன் பிரசைகள் யார் என்று தீர்மானிக்கலாம், இந்தியத் தமிழர் பதிந்து பிரசாவுரிமை பெற 1949இல் வேறொரு சட்டம் வழிவிட்டிருக்கிறது, ஆகவே இது சமூகத்துக்கு எதிரான சட்டமல்ல என்பது நியாயம். அவர்கள் இடம் பெயர்ந்து வந்து போகிறவர்கள் என்பதையும் பொருத்தமான காரணமாக நீதிபதிகள் கருதினார்கள்.

இடம் பெயர்ந்தவர்களாகிய நீங்கள் இந்த வரியைச் சற்று நின்று யோசியுங்கள். தேயிலையையும் இறப்பரையும் நட்டுவிட்டு அங்கேயே புதைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளைத்தான் "வந்து போகிறவர்கள்" என்றார்கள். பாதுகாப்பு யாப்பில் எழுதப்பட்டிருந்தது, நீதிமன்றமும் திறந்திருந்தது, ஆயினும் பயன் இல்லை. நாடற்றிருந்த இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் ஒன்று 2003இல் வந்தது. அது நீதிமன்றம் தந்ததல்ல. சங்கங்களும் கட்சிகளும் வாக்குப் பலமும் பெற்றுத் தந்தது.

இன்றைய யாப்பில் இந்தக் குறை இன்னும் கடுமையாக உள்ளது. ஒரு சட்டமூலத்தைப் பாராளுமன்றத்தில் சமர்ப்பித்த சில நாட்களுக்குள் மட்டுமே உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். சபாநாயகர் கையொப்பமிட்டபின் 80ஆம் உறுப்புரையின்படி எந்த நீதிமன்றமும் அதன் செல்லுபடியைக் கேள்வி கேட்க முடியாது. அயலில் இந்தியாவில் நிறைவேறிய சட்டத்தையும் நீதிமன்றம் செல்லாது எனலாம். நம்மிடம் அது இல்லை. ஆகவே ஒரு சட்டம் வரப்போகிறது என்று கேள்விப்பட்ட அன்றே நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

முன்கூட்டியே விழித்துக்கொண்ட விவசாயிகளும் இருக்கிறார்கள். அநுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் பொசுபேற்றுப் படிமம் இருக்கிறது. அதைத் தோண்டும் உரிமையை அமெரிக்கக் கம்பனி ஒன்று சம்பந்தப்பட்ட கூட்டு முயற்சிக்குக் கொடுக்க அரசாங்கம் ஒப்பந்தம் தயாரித்தது. 2,600 குடும்பங்கள், ஏறத்தாழ 12,000 பேர், நிரந்தரமாக இடம்பெயர வேண்டிவரும் என்று சொல்லப்பட்டது. நெல் விளைவித்தவர்களும் மாடு வளர்த்தவர்களுமான சிலரும், அவ்வூர் விகாரையின் பிரதம பிக்குவும் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். "ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லையே, இப்பொழுதே ஏன் வந்தீர்கள்?" என்பது அரச தரப்பின் வாதங்களுள் ஒன்று. ஆனால் 126ஆம் உறுப்புரை, நடந்துவிட்ட மீறலை மட்டுமல்ல, நடக்கவிருக்கும் மீறலையும் சொல்கிறது. 2000 ஜூனில் நீதிபதி அமரசிங்க எழுதிய தீர்ப்பு மனுதாரர் பக்கமே வந்தது. முழு ஆய்வும் சட்டப்படியான சுற்றாடல் அனுமதியும் இன்றி எந்த ஒப்பந்தமும் செய்யக் கூடாது என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. மக்கள் தங்கள் காணியில் தங்கினார்கள். ஒரு சில சாதாரண மனிதர்கள் சரியான நேரத்தில் போட்ட மனு ஒரு பெரிய கம்பனியை நிறுத்தியது.

நம்முடைய ஆட்களிடம் நான் காணும் குறையை மறைக்காமல் சொல்கிறேன். ஏதாவது நடந்தால் அழுகிறோம், தலைவரிடம் போகிறோம், சாமியிடம் வருகிறோம். எழுதி வைப்பதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பொலிஸ் நிலையத்துக்கு ஒருவருக்குத் துணையாகப் போனேன். அவர் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, கையொப்பம் வாங்கினார்கள். பிறகு வாசிக்கச் செய்து பார்த்தால், அவரை அடித்தவர் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நான் பக்கத்தில் நின்றும் கவனிக்கத் தவறிவிட்டேன். தமிழும் அரச கரும மொழி. உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் பதியும்படி கேளுங்கள். முடியாது என்றால், மொழிபெயர்த்து வாசித்துக் காட்டும்வரை கையொப்பம் வைக்காதீர்கள்.

ஒரு மாதக் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆனால் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதாது. விசாரணை உண்மையில் நடக்கிறது என்பதற்கு ஆணைக்குழுவின் கடிதம் ஏதாவது கையில் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் பின்னர் பல வழக்குகளில் எதிர்பார்த்திருக்கிறது. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேட்கலாம். உயர் நீதிமன்றத்துக்குக் கடிதமாகவே எழுதி அனுப்பும் முறைப்பாட்டையும், வசதியற்றவர் என்றால், மனுவாக ஏற்கலாம் என்று 1990ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகளில் இடம் உண்டு.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குடும்பமும் ஒரு பழைய கொப்பியைக் கொண்டு வாருங்கள். முன்னர் இருந்த காணியின் பெயர், எல்லை, அனுமதிப்பத்திர இலக்கம் தெரிந்தால் அது, எழும்பின திகதி, யார் எழுப்பினார்கள், அப்பொழுது கூட இருந்தவர் யார், கிராம சேவகரிடம் எப்பொழுது சொன்னீர்கள் ஆகியவற்றை அதில் எழுதுவோம். எழுதத் தெரியாதவர்களுக்கு இளைஞர் சங்கத்துப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். பிரதி எடுத்து ஒன்றை வீட்டிலும் ஒன்றை வேறொருவர் வீட்டிலும் வையுங்கள். மழையிலும் ஓட்டத்திலும் தொலைந்த பத்திரங்கள் ஏற்கனவே போதும்.