முன்னால் போக வேண்டியவன் யார்?

தைப்பூசம் நெருங்கிவிட்டது. இந்த மாதப் பாடத்துக்கு ஒரே ஒரு சொல்தான்: துணை. புத்தகத்தில் படித்த பாடம் இல்லை இது. போன வருடம் மலையில் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட பாடம்.

என் கூட்டாளி பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டு விரதம் இருந்தான். ஒரு நாளைக்கு ஒருவேளை சைவச் சாப்பாடு. தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளுக்குப் பயிற்சி எடுக்கலாம் என்றான். நான்தான், “513 எல்லாம் தூசி டா. கொடிமலை ஏறுவோம், வா” என்று கிளப்பிவிட்டேன்.

கொடிமலையின் மேல் பகுதிக்குச் சுமார் 700 மீட்டர் ஏற வேண்டும். தாவரவியல் பூங்காவிலிருந்து ஜீப் பாதையில் போனால் சுமார் ஐந்து கிலோமீட்டர். கணக்குப் போட்டால், நூறு மீட்டர் நடப்பதற்குள் 14 மீட்டர் ஏற வேண்டும். நாங்கள் பூங்காவுக்குப் பக்கத்தில் உள்ள மூன் கேட் வட்ட வாசல் வழியாகக் காட்டுப் பாதையில் ஏறி, 84ஆம் நிலையத்தில் ஜீப் பாதையைப் பிடித்தோம்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே முன்னால் போனேன். அவன் பின்தங்கும்போதெல்லாம் நின்று காத்திருப்பேன். வந்து சேர்ந்ததும், “போலாமா?” என்று உடனே கிளம்பிவிடுவேன். அதாவது, ஓய்வு எனக்கு மட்டும்தான் கிடைத்தது. அவனுக்கு இல்லை. இது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

84 தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அவன் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டான். முகம் வெளுத்துப்போய், கை நடுங்கியது. “இன்னும் கொஞ்சம்தான் டா” என்றேன். பதில் இல்லை. மேலிருந்து இறங்கி வந்த ஒரு சீன அங்கிள் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவனை நிழலுக்கு நகர்த்தி, வாழைப்பழமும் ஹண்ட்ரட் பிளஸும் நீட்டினார். இவன் வாங்க மாட்டேன் என்றான்.

“விரதம் கெட்டுடும் டா. பாதியில திரும்பினா சாமி குத்தம்.”

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவன் பாட்டிக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். பாட்டி சொன்னது எனக்கும் கேட்டது: “ஐயா, மயங்கி விழவா முருகன் உன்ன கூப்புட்டாரு? குடிச்சிட்டு எறங்கி வா.”

குடித்தான். அரை மணி நேரம் கழித்து மெதுவாக இறங்கினோம்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 70 கிலோ உடம்பை 700 மீட்டர் தூக்க 480 கிலோஜூல் வேண்டும். நம் தசைகள் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் வேலையாக மாறும், மீதி சூடு. அந்தச் சூட்டை வியர்வை காய்ந்துதான் வெளியேற்ற வேண்டும். நம் பினாங்குக் காட்டு ஈரக் காற்றில் வியர்வை சீக்கிரம் காயாது, வழிந்தோடும். முந்தின நாள் மதியம் சாப்பிட்டவனை இந்த நிலையில்தான் நான் விரட்டியிருக்கிறேன். அவன் பக்தியில் குறை இல்லை. குறை என் அவசரத்தில்.

இடும்பன் கதை உங்களுக்குத் தெரியும். அகத்தியர் கேட்டுக்கொண்டபடி சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைக் காவடியாகக் கட்டித் தெற்கே சுமந்து வந்தான். பழனியில் இளைப்பாற இறக்கி வைத்தான். பிறகு தூக்க முடியவில்லை. மேலே ஒரு சிறுவன் நின்றான். அவனோடு சண்டைக்குப் போய் இடும்பன் விழுந்தான். கவனியுங்கள்: பாரத்தை இறக்கி வைத்ததால் அவன் விழவில்லை. பலத்தைக் காட்டப் போனதால்தான் விழுந்தான். முருகன் அருளால் உயிர் பெற்று எழுந்தவன்தான் இன்றும் அந்த மலைக்குக் காவல்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் நின்று பாருங்கள். காவடி எடுப்பவருக்குப் பின்னாலேயே ஒருவர் ஸ்டூலோடு வருவார். காவடிக்காரர் தடுமாறினால் ஸ்டூல் கீழே வரும், உட்காருவார். யாரும் அதைக் குற்றம் என்று சொல்வதில்லை. வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல் வேறு. நம் முன்னோர் விரதத்தைத் தனி ஆள் சாகசமாக வைக்கவில்லை. சுமப்பவன் ஒருவன் என்றால், அவனைப் பார்த்துக்கொள்ள நாலு பேர்.

தைப்பூசத்தன்று என் கூட்டாளி 513 படியும் ஏறிப் பால்குடம் செலுத்தினான். நான் ஒரு படி பின்னால், தண்ணீர் பாட்டிலோடு. அவன் நின்றால் நானும் நின்றேன். மலையில் இப்போது எங்களுக்கு ஒரே விதி: மெதுவாக நடப்பவன் முன்னால். திரும்பலாம் என்று ஒருவன் சொன்னால், மற்றவன் காரணம் கேட்கக் கூடாது.

சிந்திக்க:
1. விரதம் இருப்பவர் உங்கள் வீட்டில் யார்? அவருக்கு நீங்கள் என்ன துணை செய்கிறீர்கள்?
2. உங்கள் வேகத்தால் யாராவது பின்தங்கிச் சிரமப்பட்டதுண்டா?
3. பாதியில் திரும்புவது எப்போது தோல்வி, எப்போது அறிவு?

வேல் வேல்!